கடுகு வாயு அழிந்தது, கணக்கு எங்கே?

1997 ஜூனில் இந்திய அரசு, ஹேக் நகரில் அப்போதுதான் தொடங்கப்பட்டிருந்த ரசாயன ஆயுதத் தடை அமைப்பிடம் ஓர் அறிக்கையை ஒப்படைத்தது. தன்னிடம் ரசாயன ஆயுதக் கையிருப்பு உண்டு என்று இந்தியா முதன்முறையாக ஒப்புக்கொண்டது அதில்தான். அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்னால், 1992 ஆகஸ்டில், ரசாயன ஆயுதங்களைத் தயாரிக்கவோ வாங்கவோ பயன்படுத்தவோ மாட்டோம் என்று பாகிஸ்தானோடு சேர்ந்து கூட்டறிக்கை விட்டிருந்த நாடு இது. கையிருப்பின் அளவு 1,044 டன். ஏறக்குறைய எல்லாமே கந்தகக் கடுகு வாயு. 2009 ஏப்ரல் 28 என்ற கெடுவுக்குள் அத்தனையும் அழிக்கப்பட்டது. அல்பேனியா, தென் கொரியாவுக்குப் பிறகு தன் கையிருப்பை முழுதாக அழித்து முடித்த மூன்றாவது நாடு இந்தியா. அமெரிக்கா அதே வேலையை முடிக்க 2023 வரை ஆனது.

இது பெருமைக்குரிய காரியம்தான், அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்த 1,044 டன்னையும் யாரோ சிலர் கையாண்டிருக்கிறார்கள். பீப்பாய்களைத் திறந்து, குழாய்களை மாட்டி, கசிந்ததைத் துடைத்து, வடிகட்டிகளை மாற்றியிருக்கிறார்கள். சுமார் பத்தாண்டு நடந்த வேலை. எத்தனை பேர் அதில் இருந்தார்கள், எத்தனை பேருக்குத் தோல் கொப்பளித்தது, ஆலைச் சுவருக்கு வெளியே காற்றில் என்ன அளவு பதிவானது, எஞ்சிய கழிவு எந்த மண்ணுக்குள் போனது என்ற கணக்கு மக்கள் முன் வைக்கப்படவே இல்லை. ஆயுதம் இருந்த காலத்தில் ரகசியத்துக்கு ஒரு நியாயம் இருந்தது. ஆயுதம் போன பிறகும் ரகசியம் மட்டும் நீடிப்பதற்கு என்ன நியாயம் என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி.

இந்தப் பொருளின் குணத்தைத் தெரிந்துகொண்டால் கேள்வியின் கனம் விளங்கும். வாயு என்று சொன்னாலும் கடுகு வாயு எண்ணெய் போன்ற திரவம். 14 டிகிரி செல்சியஸுக்குக் கீழே உறைந்துவிடும். பெங்களூரின் சாதாரணப் பகல் வெப்பத்தில் மெல்ல ஆவியாகிக்கொண்டே இருக்கும். தோலில் பட்டால் அப்போது வலிக்காது. பட்டவருக்குப் பட்டதே தெரியாது. இரண்டு மணி நேரம் கழித்தோ, ஒரு நாள் கழித்தோதான் தோல் சிவக்கும், கண் எரியும், பிறகு கொப்புளம் கிளம்பும். அதற்குள் அது உயிரணுவின் டி.என்.ஏ.வைப் பிடித்துத் தன் வேலையை முடித்திருக்கும். மனிதருக்குப் புற்றுநோய் தருவது உறுதிப்பட்ட பொருட்கள் என்று உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை வகுத்த முதல் தொகுதியில் கடுகு வாயுவுக்கும் இடம் உண்டு. நஞ்சு பட்ட நேரத்துக்கும் உடல் அதைச் சொல்லும் நேரத்துக்கும் நடுவே உள்ள இந்த இடைவெளிதான் தொழிலாளி விஷயத்தில் மிகவும் ஆபத்தானது. மாலை ஷிப்ட் முடிந்து நல்ல உடம்போடு வீட்டுக்குப் போனவர் நள்ளிரவில் கண் திறக்க முடியாமல் தவிக்கலாம். புற்றுநோய் என்றால் அந்த இடைவெளி இருபது, முப்பது ஆண்டுகளாக நீளும்.

இந்த நஞ்சின் கதை 1997க்கு வெகு முன்பே, பிரிவினைக்கு முந்தைய நம் மண்ணில் தொடங்குகிறது. 1930களின் தொடக்கத்திலிருந்து பத்தாண்டுகளுக்கும் மேலாக, பிரிட்டனின் போர்ட்டன் டவுன் ஆய்வகத்து விஞ்ஞானிகள் ராவல்பிண்டியில் இந்தியப் படைவீரர்கள்மீது கடுகு வாயுவைச் சோதித்தார்கள். அரைக்கால் சட்டையும் பருத்திச் சட்டையும் அணிந்த சிப்பாய்களை வாயு அறைக்குள் அனுப்பினார்கள். இந்தியத் தோலும் ஆங்கிலேயத் தோலும் ஒரேமாதிரி வேகின்றனவா என்று பார்ப்பதும் சோதனையின் நோக்கங்களில் ஒன்று. கடுமையான புண்ணோடு மருத்துவமனையில் கிடந்தவர்களைப் பற்றிய குறிப்புகள் பிரிட்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் கிடந்து, 2007இல்தான் செய்தியாக வெளிவந்தன. அந்தச் சிப்பாய்களுக்குப் பின்னாளில் என்ன ஆயிற்று என்று யாரும் தொடர்ந்து பார்க்கவில்லை. நினைக்கும்போதெல்லாம் என் மனம் கொதிக்கும் செய்தி இது. காலனி அரசு செய்த கொடுமை வேறு, சுதந்திர இந்தியா செய்த அழிப்புப்பணி வேறு. இரண்டையும் ஒரே தட்டில் வைக்க மாட்டேன். ஆனால் வேலை முடிந்த பிறகு உடம்பை மறந்துவிடுவது என்ற பழக்கம் எவ்வளவு பழையது என்பதற்கு ராவல்பிண்டி சாட்சி.

மறக்காமல் தொடர்ந்து பார்த்தால் என்ன தெரியவரும் என்பதற்கு ஜப்பான் சாட்சி. ஹிரோஷிமா மாவட்டத்தின் ஓகுனோஷிமா என்ற சிறு தீவில் 1929 முதல் 1945 வரை நச்சுவாயு ஆலை நடந்தது. நிலப்படத்திலிருந்தே அந்தத் தீவை நீக்கியிருந்தார்கள். போர் முடிந்தபின் அங்கே வேலை பார்த்தவர்களை ஹிரோஷிமாவின் மருத்துவர்கள் பல பத்தாண்டுகள் தொடர்ந்து பரிசோதித்தார்கள். சுவாசப்பாதைப் புற்றுநோய் அவர்களிடம் அளவுக்கு மீறி இருப்பதை 1960களில் மருத்துவ இதழ்களில் எழுதினார்கள். கடுகு வாயு புற்றுநோய் தரும் என்று இன்று உலகம் உறுதியாகச் சொல்வதற்கு அந்தத் தொழிலாளர்களின் நுரையீரல்களே முக்கிய ஆதாரம். தாமதமாகத்தான் என்றாலும், ஜப்பான் அரசு அவர்களுக்கு மருத்துவ அட்டை கொடுத்துச் சிகிச்சைச் செலவை ஏற்றது.

இனி அழிப்புப்பணிக்கு வருவோம். ரசாயன ஆயுதத் தடை உடன்படிக்கையின் நான்காம் பிரிவு, ஆயுதத்தை எடுத்துச் செல்லும்போதும் சேமிக்கும்போதும் அழிக்கும்போதும் மக்களின் பாதுகாப்புக்கும் சூழலுக்கும் மிக உயர்ந்த முன்னுரிமை தரச் சொல்கிறது. கடலில் கொட்டுவது, மண்ணில் புதைப்பது, திறந்த குழியில் எரிப்பது மூன்றுக்கும் தடை. ஆனால் ஹேகிலிருந்து வரும் ஆய்வாளர், பீப்பாயில் இருந்த நஞ்சு தீர்ந்ததா என்று பார்ப்பவர். தீர்த்தவருடைய நெஞ்சு எப்படி இருக்கிறது என்று பார்ப்பது அந்தந்த நாட்டின் பொறுப்பு. இந்த இடத்தில்தான் நாட்டுக்கு நாடு வித்தியாசம் வருகிறது.

அமெரிக்காவில் ராணுவம் தன் அழிப்புத் திட்டத்தைத் தானே சரிபார்த்துத் தானே சான்று கொடுத்துக்கொள்ள முடியாத நிலை இருந்தது. பொதுமக்களுக்கும் தொழிலாளருக்கும் சூழலுக்கும் அதிகபட்சப் பாதுகாப்புத் தர வேண்டும் என்று 1985இல் அந்நாட்டு நாடாளுமன்றம் சட்டத்திலேயே எழுதியது. ராணுவத்துக்கு வெளியே உள்ள சுகாதாரத் துறை, தன் நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் வழியே ஒவ்வொரு ஆலையின் திட்டத்தையும் பரிசீலித்தது. காற்றில் எவ்வளவு நஞ்சு இருக்கலாம் என்ற வரம்பை வகுத்ததும் அந்த மையமே. கடுகு வாயுவுக்கு அது வைத்த வரம்பைப் பாருங்கள். எட்டு மணி நேரம் வேலை செய்யும் தொழிலாளிக்கு ஒரு கனமீட்டர் காற்றில் 0.0004 மில்லிகிராம். ஆலைக்கு வெளியே வாழும் மக்களுக்கு 0.00002 மில்லிகிராம். இருபதில் ஒரு பங்கு. காரணம் எளிது. ஆலைக்குள் இருப்பவர் மருத்துவப் பரிசோதனையில் தேறியவர், கவசம் உள்ளவர், ஷிப்ட் முடிந்தால் வெளியே போகிறவர். ஊருக்குள் கைக்குழந்தை உண்டு, கர்ப்பிணி உண்டு, இழுப்பு நோயாளி உண்டு. அவர்கள் எங்கும் வெளியே போவதில்லை, இரவும் பகலும் அதே காற்றுதான்.

வரம்பை எழுதிவைத்தால் போதாது, அளக்கவும் வேண்டும். அந்த ஆலைகளில் நடந்ததைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். கட்டடத்துக்குள் காற்று எப்போதும் சுத்தமான அறையிலிருந்து அழுக்கான அறையை நோக்கியே ஓடும்படி அழுத்தம் வைத்திருப்பார்கள். கதவு திறந்தாலும் நஞ்சு உள்நோக்கித்தான் போகும், வெளிநோக்கி வராது. கடைசியில் அந்தக் காற்று கரி வடிகட்டிகள் பலவற்றைத் தாண்டியே வெளியேறும். அறைகளில் உள்ள கருவிகள் சில நிமிடத்துக்கு ஒருமுறை காற்றை உறிஞ்சிப் பகுத்து, வரம்பை நெருங்கினால் மணி அடிக்கும். அது தவிர ஆலை எல்லையில் குழாய்கள் பல மணி நேரம் காற்றைச் சேர்த்துக்கொண்டிருக்கும்; அவற்றை ஆய்வகத்தில் பிரித்துப் பார்த்து முதல் கருவியின் கணக்கைச் சரிபார்ப்பார்கள். மிக நச்சான அறைக்குள் இறங்குகிறவர் தலையிலிருந்து கால்வரை ஒரே உறையாக மூடிய உடுப்புக்குள் அடைபட்டு, வெளியிலிருந்து குழாய்வழி வரும் காற்றைச் சுவாசிப்பார். தனியாக ஒருபோதும் போகக் கூடாது, ஜோடியாகத்தான். வெளியே வந்ததும் கழுவி, காற்றைச் சோதித்து, பிறகே உடுப்பை வெட்டி எடுப்பார்கள். ஒருமுறை போட்ட உடுப்பை மறுமுறை போட்டதில்லை.

இத்தனையும் இருந்தும் தவறு நடந்தது. 2002 ஜூலையில் யூட்டா மாநிலத்தின் டூயலே ஆலையில் பராமரிப்பு வேலையில் இருந்த ஒரு தொழிலாளி சரின் நரம்பு நஞ்சுக்கு ஆளானார். அழிப்புப்பணி பல மாதம் நிறுத்தப்பட்டு, அடுத்த ஆண்டுதான் மறுபடி தொடங்கியது. ஒருவருக்காக முழு ஆலையும் நின்றது. எனக்கு அந்த நாட்டின் இயந்திரங்களைவிட இந்த நிறுத்தமே பெரிதாகத் தெரிகிறது. நஞ்சு ஆலைகளில் விபத்து எண்ணிக்கை குறைவு என்று சொல்வது எளிது. விபத்து நடந்ததை ஊருக்குச் சொல்லி, காரணம் தெரியும்வரை வேலையை நிறுத்திவைப்பது எளிதல்ல.

ஊர்மக்களும் கேட்காமல் விடவில்லை. கென்டக்கி மாநிலத்தின் புளூ கிராஸ் கிடங்கில் இருந்த 523 டன் நஞ்சை அங்கேயே எரிக்கப்போவதாக 1984இல் ராணுவம் அறிவித்தது. பக்கத்து ஊரான பெரியாவில் மரவேலை செய்துவந்த கிரெய்க் வில்லியம்ஸ் என்ற முன்னாள் வியட்நாம் போர்வீரர் எதிர்த்துக் கிளம்பினார். அழிக்காதே என்று அவர் சொல்லவில்லை. எரிக்காதே, வேறு வழி பார் என்றார். புகைபோக்கியிலிருந்து வருவதைத் திரும்பப் பிடிக்க முடியாது, தொட்டிக்குள் நடப்பதைச் சோதித்துப் பார்த்துவிட்டு வெளியே விடலாம் என்பது அவர்கள் வாதத்தின் சாரம். மற்ற கிடங்கு ஊர்களின் மக்களும் சேர்ந்துகொண்டார்கள். 1990களின் நடுவில் நாடாளுமன்றம் மாற்றுவழிகளை ஆராய உத்தரவிட்டது. விளைவு, கொலராடோவின் புவெப்லோ ஆலையில் கடுகு வாயு எரிக்கப்படவில்லை. குண்டுகளை இயந்திரக் கைகள் பிரித்தன. நஞ்சை வெந்நீரில் கலந்து சிதைத்தார்கள். அதில் மிஞ்சிய தையோடைகிளைக்கால் என்ற பொருளை நுண்ணுயிர்களைக் கொண்டு தின்னவைத்தார்கள். புவெப்லோ 2023 ஜூனிலும் புளூ கிராஸ் அதே ஆண்டு ஜூலை 7இலும் வேலையை முடித்தன. முப்பத்தொன்பது ஆண்டுகள். தாமதம்தான், செலவும் கூடியதுதான். ஆனால் முடிவெடுக்கும் மேசையில் ஊர்க்காரர் உட்கார்ந்திருந்தார்.

ஊரைக் கேட்காமல் முடிவெடுத்தால் என்ன ஆகும் என்பதை 2013 நவம்பரில் அல்பேனியா காட்டியது. சிரியாவின் ரசாயன ஆயுதங்களைத் தன் மண்ணில் அழிக்க அந்நாட்டு அரசு யோசித்துக்கொண்டிருந்தபோது இளைஞர்கள் தெருவில் இறங்க, பிரதமர் எடி ராமா முடியாது என்று அறிவித்துவிட்டார். கடைசியில் கேப் ரே என்ற அமெரிக்கக் கப்பலின் தளத்தில், நடுக்கடலில், 2014 கோடையில் சுமார் 600 டன்னை வெந்நீரும் காரமும் கொண்டு சிதைத்தார்கள்.

நம் நாட்டில் இதே சிக்கல் போபால் கழிவில் வெடித்தது. 1984 டிசம்பர் 2 நள்ளிரவு யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து மெத்தில் ஐசோசயனேட் வெளியேறிய கதை எல்லோரும் அறிந்தது. அந்த வளாகத்தில் கிடந்த நச்சுக்கழிவை நாற்பது ஆண்டுகளாக முழுதாக அகற்ற முடியவில்லை. 2012இல் ஜெர்மனிக்கு அனுப்பலாம் என்று பேசினார்கள். அங்கே எதிர்ப்பு கிளம்பியது, பேச்சு முறிந்தது. 2024 டிசம்பரில் மத்தியப் பிரதேச உயர் நீதிமன்றம் நான்கு வாரக் கெடு விதித்தது. 2025 புத்தாண்டு இரவு 12 கன்டெய்னர் லாரிகளில் 337 டன் கழிவு, இந்தூருக்கு அருகில் உள்ள பீதம்பூருக்குப் போனது. மூட்டை கட்டிய தொழிலாளர்கள் முழுக் கவசத்தோடு, முப்பது நிமிட முறைவைத்து வேலை செய்தார்கள் என்று செய்திகள் கூறின. அந்த அளவில் கவனம் இருந்தது உண்மை. ஆனால் பீதம்பூர்க்காரரிடம் யாரும் முன்கூட்டி உட்கார்ந்து பேசவில்லை. ஜனவரி 3 அன்று ஊரே கடையடைத்தது. இருவர் தங்கள்மேல் தீவைத்துக்கொள்ளும் அளவுக்குப் போனது. அதற்குப் பிறகுதான் நீதிமன்றம் அவகாசம் கொடுத்து, மணிக்கு 135, 180, 270 கிலோ என்று மூன்று கட்டமாகச் சோதனை எரிப்பு நடந்தது. ஜூன் இறுதியில் கழிவு முழுதும் எரிந்து முடிந்தது. எரித்தபின் சாம்பலும் சேர்த்த சுண்ணாம்பும் உப்புமாக மிஞ்சியது எண்ணூறு டன்னுக்கு மேல். எரித்த அளவைவிட இருமடங்குக்கும் அதிகம். அதை எங்கே புதைப்பது என்று அடுத்த வழக்கு. சோதனை எரிப்பின் அளவீடுகளை லாரி கிளம்பும் முன்பே ஊர் மன்றத்தில் வைத்து விளக்கியிருந்தால் அந்த இருவரும் தீயைத் தொட்டிருக்க மாட்டார்கள் என்று நான் நம்புகிறேன்.

பெங்களூரில் இருந்துகொண்டு இதை எழுதக் காரணம் உண்டு. பீதம்பூர் ஆலையை நடத்தும் அதே குழுமந்தான் துமகூரு சாலையில், நகரிலிருந்து சுமார் ஐம்பது கிலோமீட்டரில் உள்ள தாபஸ்பேட்டையில் கர்நாடகத்தின் அபாயக் கழிவுக் கிடங்கையும் நடத்துகிறது. பீன்யா, பொம்மசந்திரா, ஜிகணி ஆகிய தொழிற்பேட்டைகளின் முலாம் பூச்சுக் கசடும் பெயின்ட் கசடும் மருந்தாலைக் கசடும் இப்படிப்பட்ட இடங்களுக்குப் போய்ச் சேர வேண்டியவை. இது ஆயுதமல்ல. ஆனால் கையாளும் உடம்பு ஒன்றுதான், கேட்க வேண்டிய கேள்வியும் ஒன்றுதான். குப்பை விஷயத்தில் ஊர்களைக் கேட்காமல் நடந்தால் என்ன ஆகும் என்று இந்த நகரம் ஏற்கெனவே பார்த்திருக்கிறது. எலகங்காவுக்கு அப்பால் மாவள்ளிபுராவில் நிலத்தடி நீர் கெட்டு, ஊர்மக்கள் லாரிகளை மறித்து, 2012இல் அந்தக் குப்பைமேட்டை மூட வேண்டிவந்தது. சில நாட்களிலேயே பெங்களூரின் தெருமுனைகளில் குப்பை மலைபோல் குவிந்தது.

சட்டம் இல்லை என்று சொல்வதற்கில்லை. போபாலுக்குப் பிறகு 1987இல் தொழிற்சாலைச் சட்டத்தில் சேர்த்த 41பி பிரிவு, அபாயகரமான ஆலை தன் ஆபத்துகளைத் தொழிலாளிக்கு மட்டுமல்ல, சுற்றுவட்டார மக்களுக்கும் தெரிவிக்க வேண்டும் என்றது. 41சி, ஒவ்வொருவருக்கும் மருத்துவப் பதிவேடு வைத்து அதை அவரே பார்க்க உரிமை தந்தது. 41எச், உயிருக்கு ஆபத்து நெருங்குகிறது என்று தோன்றினால் எச்சரிக்கும் உரிமையைத் தொழிலாளிக்குக் கொடுத்தது. 1996ஆம் ஆண்டின் ரசாயன விபத்து விதிகள் மாவட்டத்திலும் உள்ளூரிலும் நெருக்கடிக் குழுக்கள் அமைக்கச் சொல்கின்றன. தாளில் இவை கென்டக்கிக்குச் சளைத்தவை அல்ல. தடுக்கி விழுவது ஒப்பந்தத் தொழிலாளியிடம். ஆறு மாதம் ஒரு ஆலை, அடுத்த ஆறு மாதம் வேறு ஆலை என்று போகிறவரின் பதிவேடு அவரோடு போவதில்லை. கொடைக்கானல் பாதரசத் தெர்மாமீட்டர் ஆலை 2001இல் மூடப்பட்டது. முன்னாள் தொழிலாளர் 591 பேருக்கு உடன்பாடு வந்தது 2016இல். உடம்புக்கு என்ன ஆயிற்று என்பதற்குத் தாங்களே சான்று தேடி அவர்கள் அலைந்த ஆண்டுகள் பதினைந்து.

கடுகு வாயு விஷயத்தில் அந்தச் சான்றுகூட எட்டாத இடத்தில் இருக்கிறது. அழிப்புப்பணியோடு தொடர்புடைய பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான டி.ஆர்.டி.ஓ. தகவல் உரிமைச் சட்டத்தின் 24ஆம் பிரிவின்படி விலக்குப் பெற்ற அமைப்புகளில் ஒன்று. ஊழல், மனித உரிமை மீறல் பற்றிய புகார் என்றால் மட்டும் கதவு சற்றுத் திறக்கும். ஆனால் அரசு தானாக முன்வந்து சொல்ல எந்தச் சட்டமும் தடையில்லை. ஆலை எங்கே இருந்தது என்று சொல்லக்கூட வேண்டாம். வேலை பார்த்தவர்கள் எத்தனை பேர், நஞ்சு பட்ட சம்பவங்கள் எத்தனை, எல்லைக் காற்றில் பதிவான உச்ச அளவு என்ன, கழிவு எந்த முறையில் முடிக்கப்பட்டது, வேலை முடிந்தபின் யார் அவர்களைப் பரிசோதிக்கிறார்கள் என்ற ஐந்து விவரங்கள் போதும். இல்லாத ஆயுதத்தைப் பற்றிய இந்த விவரங்களால் எந்த எதிரிக்கும் பயனில்லை.

தொடர்ந்து பரிசோதிக்க ஆள் இல்லாமலும் இல்லை. ஆமதாபாத்தின் தேசியத் தொழில்சார் சுகாதார நிறுவனத்துக்குப் பெங்களூரின் தேவனஹள்ளி வட்டத்தில் தென்மண்டல மையம் இருக்கிறது. தொழிலாளர்களின் நுரையீரலை ஆராய்வதே அந்த நிறுவனத்தின் அன்றாட வேலை. பெயர்ப்பட்டியலை ராணுவ ரகசியமாகவே அதனிடம் ஒப்படைத்து, ஆண்டுக்கு ஒருமுறை மார்பு ஸ்கேனும் தோல் பரிசோதனையும் செய்யச் சொல்லலாம். காலமும் கடந்துவிடவில்லை. 2000இல் இருபத்தைந்து வயதில் அந்த வேலையில் சேர்ந்தவருக்கு இப்போது ஐம்பது தாண்டியிருக்கும். ஓகுனோஷிமா தொழிலாளர்களிடம் மருத்துவர்கள் கண்ட புற்றுநோய்கள் தலைதூக்கிய பருவம் இதுவே. ஆறாத இருமலோடு அவர் மாவட்ட அரசு மருத்துவமனை வரிசையில் நின்றால், மருத்துவர் பீடி, சிகரெட் பற்றிக் கேட்பார், காசநோய்க்குச் சளிப் பரிசோதனை எழுதுவார். எந்த நஞ்சோடு, எந்த ஆண்டுகளில் வேலை பார்த்தார் என்று அந்த மருத்துவரிடம் நீட்ட, அரசு முத்திரையிட்ட ஓர் அட்டை அவர் சட்டைப்பையில் இருக்க வேண்டும்.